விதைக்குள்ளேயே இருந்த தேமல்: சோயாவோடு ஐந்து பட்டம்

இந்தத் தைக் கடைசியில் பத்து சென்ட் சோயா மொச்சையை அடித்துத் தூற்றி எடை போட்டேன். 63 கிலோ. ஏக்கருக்கு 630 கிலோ கணக்கு, பெரிய மகசூல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கை அள்ளி முறத்தில் பரப்பிப் பார்த்தபோது விதையெல்லாம் வெளிர் மஞ்சளாக, கண் மட்டும் பழுப்பாக, ஒரே சீராக இருந்தது. மை சிந்தினாற்போல் கறை படிந்த விதை நூறில் ஒன்றோ இரண்டோதான். இலையைத் திட்டுத்திட்டாக்கிச் சுருக்குகிற தேமல் என்கிற வைரஸ் நோயோடு மல்லாடி, இப்படி ஒரு முறம் விதையைப் பார்க்க எனக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நடுவில் எங்கெங்கே தப்பு செய்தேன், எது கைகொடுத்தது என்று நோட்டில் குறித்து வைத்ததைப் பார்த்து வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் நிலம் வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில். சரளை கலந்த செம்மண், கிணற்றுப் பாசனம். நாட்டுக்கோழி நூற்றைம்பது உருப்படி இருக்கிறது. கோழிக்கு வாங்குகிற தீவனத்தில் புண்ணாக்குதான் விலையைத் தூக்குகிறது; சோயாவை நாமே விளைவித்து வறுத்து அரைத்துக் கலந்தால் என்ன என்று தோன்றித்தான் இதில் இறங்கினேன். பச்சைச் சோயாவைக் கோழிக்குப் போடக் கூடாது, செரிமானத்தைக் கெடுக்கும். நன்றாக வறுத்தால் சரியாகிவிடும்.

2021 புரட்டாசியில் 20 சென்டில் முதல் விதைப்பு. ஆறரை கிலோ விதை. தெரிந்தவர் ஒருவர் தன் வயலில் எடுத்தது. விதைச் சான்று அட்டை கிடையாது, ரகத்தின் பெயரும் அவருக்குத் தெரியாது. ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரத்தைக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர் விட்டு ஊன்றினோம். 88ஆம் நாள் அறுவடை, 118 கிலோ. அங்கங்கே சில செடிகள் இலை சுருங்கிக் குட்டையாக நின்றன. நல்ல செடிகளுக்கு நடுவில் நாலைந்து நோஞ்சான் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். விதையில் சிலவற்றில் கண்ணிலிருந்து வழிந்த மாதிரி பழுப்புக் கறை இருந்தது. கார்த்திகை மழையில் காய் நனைந்ததால் வந்தது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சோயா விதையின் முளைப்புத்திறன் சீக்கிரம் இறங்கிவிடும். தையில் எடுத்த விதையைச் சாக்கில் போட்டு வைத்தால், அடுத்த புரட்டாசிக்குள் பாதிக்குப் பாதி கூட முளைக்காமல் போகலாம். அதனால் விதையைப் புதுப்பித்துக்கொள்ள 2022 மாசியில் ஐந்து சென்டில் மட்டும் போட்டேன். பங்குனி, சித்திரை வெயிலில் செடி பச்சைப்பசேல் என்று நின்றது. சுருங்கிய இலை ஒன்று கூட இல்லை. 19 கிலோ கிடைத்தது. ஆனால் விதையில் கறை முன்பைவிட அதிகம். இந்தத் தடவை மழை ஒரு சொட்டு கூட இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். செடி அவ்வளவு அழகாக இருந்ததால் விதையைச் சரியாகப் பார்க்கவில்லை.

அந்த விதையைத்தான் 2022 புரட்டாசியில் 20 சென்ட் முழுக்க விதைத்தேன்.

இருபதாவது நாள் வயலில் இறங்கியபோது வரப்பிலிருந்தே தெரிந்தது. செடி மட்டமாக இல்லை, மேடும் பள்ளமுமாக நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் மாறி மாறித் திட்டுகள். நரம்பு ஓரமாகத் தோல் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. இலை ஓரம் கீழ்ப்பக்கமாக மடங்கி, உள்ளங்கையைக் குவித்தாற்போல் இருந்தது. எங்கள் பக்கம் உளுந்தில் மஞ்சள் தேமல் எல்லோருக்கும் பழக்கம். அது வெள்ளை ஈ பரப்புவது. இதுவும் அதுதான் என்று முடிவு கட்டி, வெள்ளை ஈக்கு மருந்து வாங்கி, பத்து நாளைக்கு ஒரு தடவை என மூன்று தடவை அடித்தேன். மருந்து, டேங்க் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். ஒட்டுப்பொறி பன்னிரண்டு வைத்தேன். மருந்தடித்த பிறகும் புதிதாக விடுகிற இலை சுருங்கியேதான் விட்டது.

களை எடுக்க வருகிற பெரியம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மூன்றாவது மருந்து அடித்த அன்று, அவர்கள் விதை ஊன்றிய ஒரு மூலையைக் காட்டிச் சொன்னார்கள்: "ஏம்ப்பா, இந்த எடத்துல செடி மொளைக்கும்போதே சுருங்கித்தான் மொளைச்சுச்சு. நான் பாத்தேன். ஈ கடிச்சு வந்துச்சுன்னா, கடிச்ச பெறகுல்ல சுருங்கணும்?"

அந்தப் பேச்சு என்னை நிறுத்திவிட்டது. முளைத்து ஏழெட்டு நாள்தான் ஆன செடியை ஈ எப்போது கண்டுபிடித்து, எப்போது கடித்து, எப்போது நோய் வெளியே தெரிவது? உடனே பிந்தி ஊன்றிய ஒரு ஓரத்துப் பாத்தியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். வித்திலைக்கு மேலே முதலில் வருகிற ஜோடி இலை, அதாவது மூன்று மூன்றாகப் பிரியாத ஒற்றை இலை, சில செடிகளில் அப்போதே நெளிந்து, திட்டுத்திட்டாக இருந்தது. பக்கத்துச் செடியில் அதே இலை வழவழவென்று இருந்தது.

மறுநாள் நாலைந்து இலைகளை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கம் இருக்கிற வேளாண்மைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒருவர் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மஞ்சள் தேமல் இல்லைங்க. மஞ்சள் தேமல்னா மஞ்சள் அடிச்ச மாதிரி பளிச்சுனு இருக்கும். இதுல பச்சைக்குள்ளயே பச்சை. விதை எங்க எடுத்தீங்க?" என்றார். என் விதைதான் என்றேன். இது சோயா தேமல் வைரஸாக இருக்க வேண்டும், விதையிலேயே வரும், சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி பரப்பும் என்றார். வெள்ளை ஈக்கு அடித்த மருந்துக்கு இங்கே வேலையே இல்லை. அசுவினிக்கு அடித்திருந்தாலும் பெரிதாகக் காப்பாற்றியிருக்காது. அசுவினி நோய்ச்செடியில் ஊசியைக் குத்தி எடுக்கிற சில விநாடிக்குள் வைரஸ் அதன் வாய்முனையில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த செடியில் ஒரு குத்துக் குத்தினால் இறங்கிவிடுகிறது. மருந்து அதைக் கொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அந்தப் பட்டத்தில் 20 சென்டுக்குக் கிடைத்தது 42 கிலோ. முதல் வருஷம் அதே இடத்தில் 118. இந்த வைரஸ் ஆளையோ கோழியையோ ஒன்றும் செய்யாது என்பதால் அதை வறுத்துத் தீவனத்தில் கலந்துவிட்டேன். சோதனைக்கு இரண்டு கிலோ மட்டும் எடுத்து வைத்தேன்.

2023 தை. முதலில் மனதில் வந்தது, கறை விதையைப் பொறுக்கி எறிந்துவிட்டு நல்லதை மட்டும் விதைத்தால் என்ன என்பது. பெரியம்மாவும் நானும் இரண்டு நாள் முறத்தில் வைத்துப் பொறுக்கினோம். வயலில் போடும் முன் ஒரு சோதனை செய்தேன். 98 குழி கொண்ட குழித்தட்டு நாலு, ஒன்று 35 ரூபாய். ஐந்து கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி 190 ரூபாய். மண்புழு உரம் வீட்டிலேயே இருந்தது. கறை விதை 98, கறையில்லாத விதை 98, தனித்தனித் தட்டில். மேலே பூச்சி வலையால் கூடாரம்: 40 மெஷ் நைலான் வலை ஐந்து மீட்டர் 450 ரூபாய், வளைக்கப் பழைய சொட்டுநீர்க் குழாய். வலை இல்லாவிட்டால் வெளியிலிருந்து வரும் அசுவினியால் வந்ததா, விதையில் இருந்தே வந்ததா என்று பிரிக்க முடியாது.

இருபது நாள் கழித்து எண்ணினேன். கறை விதையில் 81 முளைத்து 17 செடியில் தேமல். கறையில்லாத விதையில் 86 முளைத்து 9 செடியில் தேமல். இந்த இரண்டு எண்ணையும் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கறை படிந்த விதையெல்லாம் நோய் விதை இல்லை; வெள்ளையாகத் தெரிகிறதெல்லாம் நல்ல விதையும் இல்லை. தாய்ச்செடிக்கு நோய் வந்ததற்குக் கறை ஓர் அடையாளம், அவ்வளவுதான். வைரஸ் உட்கார்ந்திருப்பது தோலில் இல்லை, உள்ளே முளைக்கருவில். இரண்டு நாள் பொறுக்கியும் நூற்றுக்குப் பத்து நோய்ச்செடி மிச்சம்.

வெந்நீரிலும் போட்டுப் பார்த்தேன். 50 டிகிரி, இருபது நிமிஷம். சோயாவின் தோல் மெல்லிசு. ஊறி உரிந்து பருப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. 98க்கு 14 முளைத்தது, அதிலும் 2 செடியில் தேமல். அதோடு அதை விட்டுவிட்டேன்.

சரி, பழைய விதையே வேண்டாம் என்று முடிவு செய்து, 2023 சித்திரையில் வேறு இடத்திலிருந்து எட்டு கிலோ வாங்கினேன். இதற்கும் அட்டை இல்லை. ஆனால் என்னிடம்தான் இப்போது சோதனை முறை இருக்கிறதே என்று தைரியம். மொட்டை மாடியில் அதே கூடாரம், இரண்டு தட்டு, 196 விதை. 171 முளைத்தது. தேமல் ஒன்றே ஒன்று. அப்படியொரு சந்தோஷம். விதையை டப்பாவில் அடைத்து, வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு துணிப் பொட்டலமாக உள்ளே போட்டு, ஈரம் ஏறாமல் புரட்டாசி வரைக்கும் காப்பாற்றினேன்.

வரப்பு ஓரம் இந்தத் தடவை தட்டைப்பயறு போட்டேன். அசுவினி வந்தால் அதில் போய் அடையட்டும், சோயாவுக்கு வராது என்று கணக்கு. 2023 ஐப்பசி முதல் வாரம் விதைத்து, இருபது நாளில் வயலைப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டு செடிக்கு ஒன்று தேமல். தட்டைப்பயறின் கொழுந்து முழுக்கக் கறுப்பு அசுவினி, காலில் ஒட்டுகிற அளவுக்கு. நெரிசல் தாங்காமல் அதில் இறக்கை முளைத்தவை பக்கத்துச் சோயாவில் பறந்து உட்காருகின்றன. அசுவினி சோயாவில் தங்கிக் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை, ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுப் போனாலே போதும் என்று ஒத்தக்கடையில் சொன்னதைக் கேட்டும், நான் அதற்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே பண்ணை வைத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றே தட்டைப்பயறு முழுவதையும் அறுத்து மாட்டுக்குப் போட்டேன்.

ஆனால் அது பரப்பியதற்குத்தான் காரணம். ஆரம்பத்தில் வயலுக்குள் நோய் எப்படி வந்தது? சித்திரையில் 171க்கு ஒன்று என்று காட்டிய அதே விதைதானே? இரண்டு வாரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு வரியில் விடை கிடைத்தது. இந்தத் தேமலின் அறிகுறி குளிர்ந்த நாளில்தான் நன்றாக வெளியே தெரியும். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் மறைந்துகொள்ளும். செடிக்குள் வைரஸ் இருக்கும், இலை பார்க்க நல்ல இலையாகவே இருக்கும்.

அந்த வரியைப் படித்ததும் மூன்று வருஷத்துக் குறிப்பையும் திருப்பிப் பார்த்தேன். மாசிப் பட்டத்தில் செடி ஏன் அவ்வளவு அழகாக நின்றது, ஆனால் விதையில் ஏன் கறை என்பது அப்போதுதான் விளங்கியது. சித்திரை மாடியில் தட்டு வைத்தேன். மதுரைச் சித்திரையில் மதியம் 38 டிகிரி. நோயைத் தேடுகிற சோதனையை, நோய் ஒளிந்துகொள்கிற இடத்தில் வைத்திருக்கிறேன். 250 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி, டப்பாவில் மிச்சமிருந்த அதே விதையில் 196ஐ எண்ணிக் கார்த்திகையில் கிணற்றடி வேப்பமர நிழலில் மறுபடி போட்டேன். மதியம் 28, விடிகாலை 22. 138 முளைத்தது. தேமல் 11.

ஒரே டப்பா விதை. சித்திரையில் 171க்கு 1, கார்த்திகையில் 138க்கு 11. இதை எழுதுவதே முக்கியமாக இந்த இரண்டு எண்களுக்காகத்தான். எங்கள் மாதிரி வெயில் ஊரில் கோடையில் விதைச் சோதனை செய்துவிட்டு நல்ல விதை என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

இந்த நோய் புதிதும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1915இலேயே சோயாவில் கண்டு எழுதியிருக்கிறார்கள். விதை வழியாகப் பரவும் என்பது 1921இலேயே பதிவாகியிருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் தெரிந்த சேதி என் வயலுக்கு வர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

2024 புரட்டாசிக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். பரப்பைப் பத்து சென்டாகக் குறைத்தேன். நான் ஒருவனே சுற்றிப் பார்த்துச் சமாளிக்கிற அளவு அதுதான். நீல அட்டை கட்டிய சான்று விதை நாலு கிலோ, 480 ரூபாய். சான்று விதை என்றாலும் தட்டில் போடாமல் வயலில் இறக்கவில்லை. ஆவணியில் வெளியே 35 டிகிரி இருந்ததால் மோட்டார் ரூமை உபயோகித்தேன். ஓட்டுக்கூரை, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலில் வலை அடித்து, சுற்றி ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் சாக்கை நனைத்தேன். மதியத்திலும் 28ஐத் தாண்டவில்லை. வெளிச்சம் குறைவு என்பதால் செடி கொஞ்சம் நெட்டுவிட்டது, ஆனால் இலையைப் பார்க்க அது தடையில்லை. 196இல் 172 முளைத்து, இருபத்தோராம் நாள் எண்ணியபோது தேமல் 1.

நூற்றுக்கு ஒன்று கூட இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து சென்டுக்கு மூன்று கிலோவுக்கு மேல் விதை, முளைத்து நிற்பது சுமார் 24,000 செடி. 172க்கு ஒன்று என்றால் வயலில் 140 நோய்ச்செடி. ஒவ்வொன்றும் அசுவினிக்கு ஒரு கிணறு மாதிரி. அதனால் நல்ல விதை கிடைத்தாலும் பிடுங்குகிற வேலை நிற்காது.

தட்டைப்பயறுக்குப் பதில் சுற்றிலும் சோளம். சோயா விதைப்பதற்கு இருபது நாள் முன்னதாகவே நாலு பக்கமும் மூன்று வரிசை, நெருக்கமாக. சோயா முளைக்கும்போது சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. பறந்து வருகிற அசுவினி முதலில் சோளத்தில் உட்கார்ந்து குத்திப் பார்க்கும். வாயில் இருக்கிற வைரஸ் அங்கேயே துடைக்கப்பட்டுவிடும். சோளத்துக்கு இந்த நோய் வராது. சோள விதை ஒரு கிலோ 80 ரூபாய், சோளத்தட்டை மாட்டுக்கு ஆனது.

பிடுங்கும் வேலையை விடிந்தும் விடியாமல் வைத்துக்கொண்டேன். மேகமூட்டமான காலை இன்னும் நல்லது. வெயில் ஏறினால் இலை மினுமினுத்துத் திட்டுத் தெரியாது. சூரியனுக்கு முதுகைக் காட்டி, என் நிழல் செடிமேல் விழும்படி குனிந்து, ஒரு வரிசைக்கு ஒரு நடை. சந்தேகம் என்றாலும் பிடுங்கு என்பதுதான் விதி. பிடுங்கிய செடியை உதறாமல் இடுப்பில் கட்டிய பாலித்தீன் பைக்குள் அப்படியே தலைகீழாக நுழைத்துவிட வேண்டும். பாத்தி ஓரம் எறிந்தால் அதிலிருக்கிற அசுவினி இறங்கி அடுத்த செடிக்குத்தான் போகும். பன்னிரண்டாம் நாள் 61 செடி. பதினெட்டாம் நாள் 94. இருபத்தைந்தாம் நாள் 40. முப்பத்திரண்டாம் நாள் 9. பூக்கிற வரைக்கும் செய்ய வேண்டும். பூத்த பிறகு நோய் வாங்கிய செடியில் விதைக்குள் வைரஸ் இறங்குவது குறைவு; அதற்கு முன் வாங்கியதுதான் அடுத்த வருஷத்துக்கும் நோயைக் கொண்டுபோகிறது. பெரியம்மா இரண்டு நாள் கூட வந்தார்கள். என் கண்ணைவிட அவர்கள் கண் கூர்மை. நான் போய்வந்த வரிசையில் இன்னும் எட்டுச் செடி பிடுங்கினார்கள்.

வேப்பெண்ணெய் தவிர எந்த மருந்தும் அடிக்கவில்லை. விதை, சோளம், உழவு, உரம், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய் செலவு. இந்த 63 கிலோவில் பத்தை விதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன், அதுவும் நடுப்பாத்தியில் எடுத்தது மட்டும்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. சோளத்தை ஒட்டி இருந்த சோயா வரிசை நிழலில் நோஞ்சானாகிவிட்டது. நடுவில் மூன்று அடி சும்மா விட வேண்டும். தட்டுச் சோதனைக்கு 196 விதை போதாது. ஒரு செடி கூடக் குறைய ஆனாலே கணக்கு இரண்டு மடங்கு மாறிவிடுகிறது. கிட்டத்தட்ட 400 விதையாவது போட வேண்டும், அதாவது இன்னும் இரண்டு தட்டு. முதல் பிடுங்கலைப் பன்னிரண்டாம் நாள் வரை தள்ளியதும் தப்பு. ஒன்பதாம் நாளே ஜோடி இலையில் தெரிகிறது.

இன்னொரு வேலையும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் நோய் மண்டிய வயலில், சுற்றிலும் சுருங்கிய செடிகளுக்கு நடுவே சுத்தமாக நின்ற 14 செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். இவற்றுக்கு எதிர்ப்பு இருக்கும் என்று ஆசை. அறுத்ததும் ஒவ்வொன்றின் விதையையும் தனிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அவற்றில் இரண்டு செடி வெள்ளைப் பூ, மற்ற எல்லாம் ஊதாப் பூ. வாங்கிய விதையில் கலவன் இருந்திருக்கிறது.

நோய் வராமல் தப்பியதும், நோயை எதிர்த்து நின்றதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரே வழி, நாமே நோயைக் கொடுத்துப் பார்ப்பது. 2024 நவம்பர் தொடக்கத்தில் புட்டிக்கு எட்டு விதை வீதம் 112 பையில் ஊன்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க, கட்டாயம் நோய் வாங்கும் என்று தெரிந்த பழைய விதைச் செடி 10. எல்லாம் வலைக்குள், வயலிலிருந்து தள்ளி, மாடியில். கார்த்திகைக் குளிர் என்பதால் மாடி சரிப்பட்டது.

பத்தாம் நாள், ஜோடி இலை விரிந்ததும் வேலை. சுருங்கிய இளம் இலை ஒரு கிராம், கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீர் 10 மில்லி. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த சின்ன உரலில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். இலைமேல் கார்போரண்டம் என்கிற உராய்வுப் பொடியை, கோலமாவு தூவுவதைவிட மெலிசாகத் தூவ வேண்டும். அது இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறலைப் போடும். இடது உள்ளங்கையில் இலையைத் தாங்கி, சாற்றில் நனைத்த பஞ்சை நுனிப்பக்கமாக இரண்டே இழுப்பு. அழுத்தித் தேய்த்தால் இலை கருகிவிடும். முதல் நாலு செடியை அப்படித்தான் கெடுத்தேன். ஒரு நிமிஷத்தில் தண்ணீர் தெளித்துக் கழுவி, அன்று முழுக்க நிழல். ஒரு வாரம் கழித்து அதற்கு மேல் வந்த இலையில் மறுபடி ஒரு தடவை.

பதினோராம் நாளிலிருந்து தெரிய ஆரம்பித்தது. ஒப்பீட்டுச் செடி 10இல் 8க்குத் தேமல். ஆக, சாறு வேலை செய்திருக்கிறது. ஊதாப் பூ வகையிலிருந்து வந்த பன்னிரண்டு புட்டியிலும் நோய். எட்டுக்கு ஆறு, எட்டுக்கு ஏழு, சிலதில் எட்டுக்கு எட்டு. சிவப்பு நூல் கட்டி நான் கொண்டாடிய பன்னிரண்டும் அசுவினி கண்ணில் படாமல் தப்பியவை. வெள்ளைப் பூ இரண்டில் 16 செடியிலும் ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை தேய்த்தும் ஒன்றுமில்லை.

இதை வைத்து எதிர்ப்பு ரகம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சோயாவில் இந்தத் தேமலை எதிர்க்கிற மரபணுக்களுக்கு ஆர்எஸ்வி 1, 3, 4 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைரஸிலும் பல வகை உண்டு. அமெரிக்காவில் ஜி1 முதல் ஜி7 வரை பிரித்திருக்கிறார்கள். ஆர்எஸ்வி 1 இருக்கிற செடி பல வகைகளுக்குப் பிடி கொடுக்காது, ஆனால் ஜி7 அதைத் தாண்டிவிடும். என் மாடியில் இருந்தது என் வயலில் இருக்கிற வைரஸ் மட்டும்தான். தவிர, இலையில் தெரியாததால் உள்ளே இல்லை என்று சொல்வதும், சித்திரையில் நான் செய்த அதே தப்பாகத்தான் முடியும். எலைசா மாதிரி ஆய்வகப் பரிசோதனைதான் அதைச் சொல்லும். இலையை மறுபடி ஒத்தக்கடைக்குக் கொண்டுபோய்க் கேட்கப் போகிறேன்.

அந்த 16 செடியிலும் சேர்த்து 410 கிராம் விதை வந்தது. கறை இல்லை, ஆனால் கறையை நான் இனி நம்புவதில்லை. அதில் 50 விதையை எண்ணி மாசி முதல் தேதி மோட்டார் ரூமில் தட்டில் போட்டேன். 47 முளைத்தது. இன்று காலை ஆறு மணிக்கு வெப்பமானியில் 22. ஜோடி இலை எல்லாம் வழவழப்பாக இருக்கிறது, முதல் மூவிலை இப்போதுதான் பிரிகிறது. மதியம் சாக்கு நனைக்கப் போகும்போது மறுபடி எண்ண வேண்டும்.